உருகாத ஐஸும் மாகாளியக்காவின் உப்பும்

எங்க சங்குமுனையில ஐஸ் உருகுறத நிப்பாட்டினது ஒரு சித்திரை மாசத்து வெயில்ல, கடல் ஓரமெல்லாம் அனலா வீசிக்கிட்டிருந்த நேரத்துல, அதுக்குக் காரணம் உச்சிமாகாளிதான்னு ஊரே இன்னைக்கு வரைக்கும் சொல்லுது, நானும் மறுக்கல, ஏன்னா அவ வாயத் தொறந்து கேட்டப்பம் பக்கத்துல நின்னவ நான்தான்.

மாகாளியக்கா எனக்கு ஒரு வருஷம் மூத்தவ. அவ அம்மா வேலம்மாவுக்கு உப்பளத்துல உப்பு வார்ற வேலை, காலு ரெண்டும் உப்புத் தண்ணில வெடிச்சு வெடிச்சு மரப்பட்டை மாதிரி ஆயிருச்சு. மகளாவது நிழல்ல நின்னு வேலை செய்யட்டும்னு கவர்மெண்டு காலேஜ்ல பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி சேத்து விட்டா. எல்லாத்துலயும் பாஸ் ஆன அக்கா ஆர்கானிக் பிராக்டிகல்ல மட்டும் கோட்ட விட்டுட்டா. பழைய பாடத்திட்டத்துக்கு இதுதான் கடைசிப் பரீட்சை, இதுலயும் போச்சுன்னா மூணு வருஷப் படிப்பும் தண்ணில போன மாதிரி, பக்கத்து டவுன் கம்பெனில லேப் வேலை தாரேன்னு சொன்னவங்க சர்டிபிகேட் இல்லாம உள்ள விட மாட்டாங்க, அப்புறம் அம்மாவோட உப்பு வார்ற பலகையத் தூக்கிக்கிட்டு அளத்துக்குத்தான் போகணும். அதனால அரியர் பிள்ளைன்னு யாரு இளிச்சாலும் கண்டுக்காம எங்க வகுப்போட வந்து நின்னு பழகினா.

எங்க லேப் சுவத்துல விதியெல்லாம் பெயிண்ட்ல எழுதியிருக்கும். கோட்டுப் போடணும், தலைமுடிய இறுக்கிக் கட்டணும், வளையலக் கழட்டணும், காலு மூடின செருப்புப் போடணும், எதையும் வாயால உறிஞ்சக் கூடாது, எதையும் நேரா மோந்து பாக்கக் கூடாது, தண்ணிலதான் ஆசிட்ட ஊத்தணுமே ஒழிய ஆசிட்ல தண்ணிய ஊத்தக் கூடாது, கண்ணால கண்டத மட்டும் எழுதணும். வசுமதி மேடம் வகுப்புக்கு வந்ததும் நாங்க இத மந்திரம் மாதிரி ஒப்பிக்கணும், ஒருத்தி வாய் அசையலன்னாலும் மேடத்துக்குத் தெரிஞ்சிரும்.

பரீட்சைக்கு வர்றது சாயம் தயாரிக்கிறது. அனிலின ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல கரைச்சு, ஐஸ்ல வச்சு, அஞ்சு டிகிரிக்குக் கீழ கொண்டாந்து, நைட்ரைட்டுக் கரைசலச் சொட்டுச் சொட்டா விட்டுக் கலக்கிக்கிட்டே இருக்கணும், அதக் கொண்டுபோயி குளுந்த நாப்தால் கரைசல்ல ஊத்தினா கண்ணப் பறிக்கிற ஆரஞ்சுச் சிவப்புல சாயம் படியும். கொஞ்சம் சூடு ஏறிட்டா எல்லாம் காத்தாப் போயி, பீக்கர்ல தாரு மாதிரி கருப்பா ஒண்ணு மிஞ்சும். காலேஜுக்கு வர்றது ஒரே ஒரு ஐஸ் பாளம், அத முதல் டேபிள்லருந்து பங்கு போட்டுக்கிட்டு வந்தா கடைசி டேபிள்ல நிக்கிற அரியர் பிள்ளைக்கு வெதுவெதுன்னு தண்ணிதான் கிடைக்கும். போன வருஷம் அக்காவோட பீக்கர எட்டிப் பாத்த எக்ஸ்டர்னல், வெளியூர்லருந்து பரீட்சை வைக்க வந்தவரு, முட்டை போட்டுட்டு நகந்து போயிட்டாராம். அவ அழல, ஆனா அன்னைக்கு அந்தத் தாரத் தேய்ச்சுக் கழுவினதுல விரல் நகம் பிஞ்சு போச்சுன்னு என்கிட்ட காட்டினா.

இந்தத் தடவை சொந்தமா ஐஸ் வாங்கிப் பழகிப் பாக்கலாம்னு ரெண்டு பேரும் மிக்கேல் அண்ணாச்சியோட ஐஸ் கம்பெனிக்குப் போனோம். அண்ணாச்சி வெத்தலையக் குதப்பிக்கிட்டு, "என்ன ஐஸு தாயி வேணும்?"னு கேட்டாரு. மீனுக்கா, ஜூசுக்கான்னு கேக்குற கேள்விதான் அது. அக்காவுக்கு இருந்த ஆத்திரத்துல, "உருகாத ஐஸா ஒண்ணு குடுங்க அண்ணாச்சி"ன்னா.

"அதுக்கென்ன, எடுத்துட்டுப் போ"ன்னாரு அவரு.

ஆட்டோல சாக்கு நனையல. காலேஜ் படியில எறக்கி வச்சோம், வெயிலு நேரா அடிச்சும் ஒரு சொட்டு விழல, காக்கா ஒண்ணு வந்து ஐஸ் மேல உக்காந்து இறகக் கோதிட்டுப் போச்சு. வசுமதி மேடம் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு, "நல்லதாப் போச்சு, எல்லா டேபிளுக்கும் வரும்"னுட்டு உள்ள போயிட்டாங்க. அன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள ஊருல எந்த ஐஸும் உருகல. வெளியூர்லருந்து கொண்டாந்தாக்கூட பாலம் தாண்டினதும் சாக்குல வழிஞ்ச தண்ணி நின்னு போச்சு.

ஊருக்கு வந்த குஷியச் சொல்லி மாளாது. போட்டுக்காரங்க ஒரு தடவை ஏத்தின ஐஸையே திரும்பத் திரும்பக் கடலுக்குக் கொண்டு போனாங்க, ஜூஸ் கடைக்காரரு குடிச்சு வச்ச டம்ளர்லருந்து ஐஸ எடுத்துக் கழுவி அடுத்த டம்ளர்ல போட்டாரு, கல்யாண மண்டபத்துல ஐஸ்லயே மயிலு செஞ்சு வச்சு ஒவ்வொரு கல்யாணத்துக்கும் அதையே துடைச்சுத் துடைச்சு வச்சாங்க, எங்க பிரின்சிபால் சாரு முதல்ல வந்த அந்த ஐஸ் பாளத்தக் காலேஜ் வாசல்ல மேசை போட்டு வச்சு, சுத்திக் கயிறு கட்டி, கேந்திப்பூ மாலை போட்டு, வெளியூர்க்காரங்க வரிசையில வந்து பாத்துட்டுப் போக ஏற்பாடு பண்ணிட்டாரு. வேளாங்கண்ணிக்குப் போற பஸ்ஸு கூட எங்க ஊர்ல நின்னுட்டுத்தான் போச்சு. மிக்கேல் அண்ணாச்சிக்கு யாவாரம் படுத்துப் போச்சு, ஆனா ஊருக்குப் பேரு வாங்கிக் குடுத்தவருன்னு சால்வை போத்தினதுல மனுசன் அதப் பேசவே இல்ல.

ஒண்ணே ஒண்ணுதான் இடிச்சுது. அந்த ஐஸ் குளுராது. கைய வச்சா கண்ணாடிக் கல்லத் தொட்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மீன் விக்கிற செலஸ்டினக்கா கூடை நிறையா சாளை மீன அதுமேல அடுக்கி வச்சா மத்தியானத்துக்குள்ள நாத்தம் தாங்காது. ஆனா ஐஸக் குத்தம் சொல்ல யாருக்கு மனசு வரும்? மீனு முன்னப்போல இல்லன்னாங்க, காத்து சரியில்லன்னாங்க, ஜூஸு சூடா இருந்தா எலுமிச்சம்பழம் சூட்டுப் பழம்னாங்க. செத்துப் போன ஒரு பெரியவர ஐஸ்ல வச்சு, மகன் துபாய்லருந்து வர்ற வரைக்கும் தாங்கலன்னதும், அவருக்கு எப்பவுமே எதுலயும் அவசரம்தான்னு சொல்லி எடுத்துட்டாங்க. கேக்கிறவங்களும் ஆமா ஆமான்னு தலைய ஆட்டிட்டுப் போனாங்க.

லேப்லயும் அதே கதைதான். அக்கா பீக்கரச் சுத்தி ஐஸக் குமிச்சு வச்சு தெர்மாமீட்டர எறக்கினா, அது சித்திரை வெயில அப்படியே காட்டிக்கிட்டு நின்னுச்சு. தினமும் வந்தா, தினமும் கலக்கினா, தினமும் தாருதான் வந்துச்சு. காலேஜ் பிரிட்ஜ்ல வச்ச தண்ணியும் அஞ்சுக்குக் கீழ எறங்கல.

ஊருக்கூட்டத்துல அவளே எந்திரிச்சுச் சொன்னா. "ஐஸு எப்படிக் குளுர வைக்கும்? பக்கத்துல இருக்கிறதோட சூட்டத் தான் வாங்கிக்கிடும், அத வாங்கிக்கிட்டுத்தான் உருகும். உருக மாட்டேன்னா ஒங்க சூட்ட வாங்க மாட்டேன்னு அர்த்தம். அத வச்சு மாலை போடலாம், மீனு வைக்க முடியாது. உப்பப் போட்டா உருகுதான்னு பாப்போம்."

அவ்வளவுதான், கூட்டம் பொங்கிருச்சு. உப்புப் பட்டா ஐஸ் கரையும்னு கடற்கரையில எந்தப் பச்சப் பிள்ளைக்கும் தெரியும், தெரிஞ்சுதான் அதப் பத்தி யாரும் மூச்சு விடாம இருந்தாங்க. "படிச்ச திமிரப் பாரு"ன்னா செலஸ்டினக்கா. "ஊருக்கு வந்த சீதேவிய உப்பப் போட்டு வெரட்டணுமாம்." மறுநாளே கட்டுப்பாடு வந்துச்சு. ஐஸ் இருக்கிற இடத்துக்கு உப்பு வரக் கூடாது. அப்புறம் உப்புக் கை வரக் கூடாது. அப்புறம் உப்புக்காரங்களே வரக் கூடாதுன்னு ஆயிருச்சு. வேலம்மாவும் மத்த அளத்துப் பொம்பளைங்களும் ஐஸ் கம்பெனித் தெருவ விட்டுட்டு, வெடிச்ச காலோட முள்ளுக்காட்டச் சுத்தி வேலைக்குப் போனாங்க. காலேஜ் கேட்ல வாட்ச்மேன் வாளில தண்ணி வச்சுக்கிட்டு நின்னாரு, அளத்து வீட்டுப் பிள்ளைங்க கையக் கழுவிட்டுத்தான் உள்ள போகணும், ஊறுகாயும் மோரும் கேட்டுக்கு வெளியிலயே நின்னுரும், லேப்லருந்த உப்பு ஜாடிய பிரின்சிபாலே வந்து எடுத்துட்டுப் போனாரு. அத்தனை பேரும் உப்புப் போட்டுத்தான சோறு திங்கிறாங்க?

அக்காவக் கூப்பிட்டு பிரின்சிபால், "எதாவது சேட்டை பண்ணினா ஹால் டிக்கெட் கிடையாது"ன்னுட்டாரு. பரீட்சைக்கும் ஒரு வழி வச்சிருந்தாரு அவரு. பழைய பேட்ச் பிள்ளைங்க செஞ்ச சாயம் பீரோல கிடந்துச்சு, அதப் பொட்டலம் கட்டி ஆளுக்கு ஒண்ணு குடுத்தனுப்பினாரு, கடைசில பில்டர் பேப்பர்ல கொட்டிக் காட்டினாப் போதும். எல்லாரும் வாங்கிக் கோட்டுப் பையில போட்டுக்கிட்டோம். அக்கா வாங்கல.

"வச்சுக்கோக்கா, உனக்கு இதுதான் கடைசிச் சான்ஸு"ன்னேன்.

"ஏட்டி கனி, செவுத்துல என்ன எழுதிருக்கு? கண்டத எழுதணும். நான் இன்னும் அந்த நெறத்தக் கண்ணால காங்கல."

"அத எப்படிக் காணுவ? அதுக்கு ஐஸ் குளுரணும்ல."

"குளுர வைக்கேன்"ன்னா.

எப்படின்னு நான் கேக்கல, கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டா.

பரீட்சை அன்னைக்கு கேட்ல வாட்ச்மேன் வாளியக் காட்டினாரு, அக்கா முழங்கை வரைக்கும் கழுவினா, பையக் கவுத்துக் காட்டினா, கோட்ட உதறிக் காட்டினா. அம்மாக்காரி வேலம்மா அன்னைக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு, அவகூட உப்பு வார்றவங்க நாலஞ்சு பேரோட கேட்டுக்கு வெளிய, வேப்பமரம் கூட இல்லாத அந்த வெயில்ல, தலையில முக்காடு போட்டுக்கிட்டு நின்னா. உள்ள வரத்தான் விட மாட்டாங்களே.

எக்ஸ்டர்னல் ஒல்லியா, கழுத்துல கைக்குட்டை சுத்திக்கிட்டு, மேக்கருந்து வந்த மனுசன். டேபிளெல்லாம் சுத்திப் பாத்துட்டு, "ப்ரொசீஜர்ல ஐஸ்-உப்புக் கலவைன்னு போட்டிருக்கே, உப்பு எங்க?"ன்னாரு.

"எங்க ஊர்ல ஐஸ் கிட்ட உப்பு வர்றது இல்ல சார்"னாரு பிரின்சிபால்.

"சரி, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம்"னுட்டு அவரு நாற்காலியில உக்காந்தாரு. "எனக்குச் சாயம் வந்தாப் போதும்."

கடைசி டேபிள்லருந்து அக்கா கையத் தூக்கினா. "சார், ப்ரொசீஜர்ல இருக்கிற ஒரு பொருள் டேபிள்ல இல்லன்னா, இருக்கிற ரீஏஜெண்ட வச்சு நானே தயார் பண்ணிக்கிடலாமா?"

"ப்ரொசீஜர்ல இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"அப்பப் பண்ணு. ஆனா உனக்குன்னு தனியா டைம் தர மாட்டேன்."

நாங்க எல்லாரும் உருகாத ஐஸ்ல பீக்கர வச்சுக்கிட்டு, பையில பொட்டலத்தத் தடவிக்கிட்டு நின்னோம். அக்கா ஐஸத் தொடவே இல்ல. கண்ணாடிய மாட்டினா. அனிலினுக்குன்னு வச்சிருந்த ஆசிட்ல மிஞ்சினத ஒரு பீக்கர்ல எடுத்தா, நாப்தாலுக்குன்னு வச்சிருந்த காஸ்டிக் சோடா கரைசல சொட்டுச் சொட்டா அதுல விட்டா, லிட்மஸ் பேப்பரத் தொட்டுத் தொட்டுப் பாத்தா, செவப்பும் காட்டாம நீலமும் காட்டாம நடுவுல நின்னதும் நிப்பாட்டினா. பீங்கான் கிண்ணத்துல ஊத்தி பர்னர் மேல வச்சா. அங்க இருந்தது ஆசிட்டும் சோடாவும்தான், ரெண்டும் காலேஜ் குடுத்தது, ரெண்டையும் எந்தக் கூட்டத்துலயும் யாரும் தடுக்கல.

வசுமதி மேடம் கிண்ணத்தப் பாத்தாங்க, அக்காவப் பாத்தாங்க, பிரின்சிபால் வராண்டாவுல போயி நின்ன பக்கம் இருந்த கதவ மெதுவாச் சாத்திட்டு, அதுலயே முதுகச் சாச்சு நின்னுக்கிட்டாங்க. தண்ணி கொதிச்சுது, வத்துச்சு, ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு போட்டுச்சு, அப்புறம் கோடு தடிச்சுது, பொரிஞ்சுது, அளத்துப் பாத்தியில வெயிலு செய்யிற வேலைய பர்னர் செஞ்சு முடிச்சுது. மத்தவளுக பாக்குறத விட்டுட்டாளுக, நான் மட்டும் அந்தக் கிண்ணத்தையே பாத்துக்கிட்டு நின்னேன்.

ஜன்னல் வழியா எட்டிப் பாத்த பிரின்சிபால், "ஏம்மா, என்னது அது?"ன்னு கத்தினாரு.

"சோடியம் குளோரைடு சார்."

"அது உப்புல்லா!"

"ஆமா சார், உப்புதான்."

அவரு கதவத் தள்ளினாரு, மேடம் நகரல. அக்கா ஐஸ உலக்கையால நொறுக்கி பீக்கரச் சுத்திப் போட்டா, ஆறின உப்ப உள்ளங்கையில கொட்டினா, அவ அம்மா அளத்துல வீசுற மாதிரியே மணிக்கட்டத் திருப்பி ஐஸ் மேல தூவினா.

"உருகாத ஐஸு கேட்டது நான்தான்"ன்னா ஐஸப் பாத்து. "இப்பம் உருகுன்னு சொல்றதும் நான்தான். உருகு."

ஒரு சொட்டு விழுந்துச்சு. அப்புறம் டிக்குன்னு ஒரு விரிசல். அப்புறம் என் டேபிள் ஐஸும், எனக்கு முன்னால இருந்தவ ஐஸும், வரிசையா அத்தனையும் விரிசல் விட்டுச்சு, வாசல்ல மாலையோட இருந்த ஐஸ் பாளம் ஆள் பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம் போட்டுச்சு, ஐஸ் கம்பெனில அடுக்கி வச்சதும், போட்டுல ஏத்தினதும், மண்டபத்து மயிலும் எல்லாம் உருக ஆரம்பிச்சுது. இத்தனை நாளு வாங்காம வச்சிருந்த சூட்ட ஒண்ணாச் சேத்து வாங்கினது போல, லேப்புக்குள்ள மார்கழி மாசத்துக் குளிரு வந்து எறங்கிச்சு. எனக்குப் பல்லு தந்தி அடிச்சுது.

அக்கா அது எதையும் பாக்கல. அவ கண்ணு தெர்மாமீட்டர்லயே இருந்துச்சு. அஞ்சுக்குக் கீழ வந்ததும் நைட்ரைட்ட எடுத்தா. வெளிய ஊரே தெரண்டு வந்து கத்துது, கயிறு அறுந்து மேசை சாஞ்சு விழுது, அவ சொட்டுச் சொட்டா விடுறா, கலக்குறா, மறுபடி சொட்டுறா. நைட்ரைட்டு போதுமான்னு பாக்க ஸ்டார்ச்-அயோடைடு பேப்பர்ல தொட்டு வச்சா, நீலமா வந்துச்சு. ஒரே ஒரு தடவ மூச்ச இழுத்து விட்டுட்டு, அத எடுத்து நாப்தால்ல ஊத்தினா.

ஐயோ, அந்த நெறத்த நான் எப்படிச் சொல்ல! கடல்ல சூரியன் வார நேரத்துல பாத்திருப்பீங்க, அத மாதிரி ஒரு ஆரஞ்சு பீக்கரு முழுக்கப் பூத்துச்சு. நான் கோட்டுப் பையிலருந்த பொட்டலத்த எடுத்துக் குப்பைத் தொட்டில போட்டுட்டு நைட்ரைட்டத் தேடினேன். எனக்குப் பின்னால இன்னும் நாலஞ்சு பொட்டலம் விழுந்த சத்தம் கேட்டுச்சு.

எக்ஸ்டர்னல் எந்திரிச்சு வந்து குனிஞ்சு பாத்தாரு. "ரிசல்ட்ட இப்பச் சொல்லக் கூடாது"ன்னாரு. "ஆனா இந்த நெறத்துக்கு யாரும் பெயில் போட முடியாதும்மா. முழுசாப் படியட்டும், ஐஸ்லயே கொஞ்ச நேரம் இருக்கட்டும். நீ வெளிய போயி அந்தச் சத்தம் என்னன்னு கேட்டுட்டு வா."

வாசல்ல சனம் அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. "யாரு உருக்கினது?"

"நான்தான்"ன்னா அக்கா.

"போச்சே தாயி"ன்னு மிக்கேல் அண்ணாச்சி தலையில கைய வச்சாரு.

"எது போச்சு அண்ணாச்சி? நாளைக்குக் காலையில எல்லாரும் ஒங்ககிட்டதான ஐஸு வாங்க வரணும்?"

அவரு தலையிலருந்து கைய எடுத்தாரு. செலஸ்டினக்கா ஏசுறதுக்குன்னே ஓடி வந்தவ, படியில வழிஞ்ச தண்ணில கால வச்சதும், "யம்மாடி, என்னா குளுரு!"ன்னு நின்னுட்டா, மறு நிமிசம் மீன் கூடையத் தூக்கிட்டு வர ஓடிட்டா. வந்த ஆத்திரத்த எங்க வைக்கன்னு தெரியாம சனம் ஒவ்வொண்ணாச் செருப்பக் கழட்டிட்டு அந்தக் குளுந்த தண்ணில கால நனைச்சுச்சு.

தண்ணி படி எறங்கி, கேட்டுக்கு அடியில நுழைஞ்சு, ரோட்டுக்குப் போச்சு. அங்க வேலம்மா நின்னுக்கிட்டிருந்தா. கிட்டப் போகக் கூடாதுன்னு சொன்ன ஐஸு அவ காலத் தேடி வந்து, வெடிச்ச வெடிப்புலயெல்லாம் எறங்கிச்சு. அவ நகராம, கீழ பாத்துக்கிட்டே நின்னா.

"எம்மா"ன்னு கூப்பிட்டுக்கிட்டே ஓடி வந்து கேட் கம்பியப் பிடிச்சா அக்கா.

"நல்லா இருக்குட்டி"ன்னா வேலம்மா. கண்ணு கலங்கியிருந்துச்சு. "பாசாயிட்டியா?"

"இன்னும் வேலை கெடக்கும்மா. வடிகட்டணும், கழுவணும், காய வைக்கணும், எடை போடணும், உருகுநிலை பாத்து எழுதணும்."

"அப்புறம் இங்கன என்ன நிக்க? போ, போயி முடி."

அக்கா திரும்பினா. வாட்ச்மேன் பழக்கத்துல கைகழுவுற வாளிய நீட்டினாரு. அவ ஆரஞ்சா ஊறிப்போன விரலும் உப்பு ஒட்டின உள்ளங்கையுமா இருந்த ரெண்டு கையையும் அவருக்குக் காட்டிட்டு, கழுவாம, நேரா லேப்புக்குள்ள போனா.